ஜிசிசி 4.8-க்கு விடை கொடுக்கும் முன்

நான் பராமரித்து வரும் சி++ லைப்ரரியின் (பிறர் தங்கள் நிரலில் இணைத்துக்கொள்ளும் நிரல் தொகுப்பின்) அடுத்த பெரும்பதிப்பிலிருந்து ஜிசிசி 4.8 கம்பைலருக்கான (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கருவிக்கான) ஆதரவை நீக்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். சர்வர்களில் குவியும் பதிவுக் கோப்புகளைப் படித்து அலசுவதற்காக நான் எழுதத் தொடங்கிய லைப்ரரி அது. ஒரே வரியில் அறிவித்துவிடக்கூடிய இந்த முடிவுக்கு வந்து சேர எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் எனக்குள் நடந்த வாதத்தை எழுதி வைப்பது, இதே நிலையில் நிற்கும் வேறு சிலருக்கு உதவலாம் என்று நினைக்கிறேன்.

ஜிசிசி 4.8 வெளிவந்தது 2013-இல். சி++ மொழியின் 2011 பதிப்பான சி++11-இன் கூறுகளை முழுமையாகக் கொண்டுவந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்ட முதல் ஜிசிசி வரிசை அதுதான். 2015-இல் 4.8.5 வெளியானதோடு ஜிசிசி திட்டத்தினர் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். அதை உருவாக்கியவர்கள் கைவிட்ட பிறகும் அது மேலும் 9 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 2014 ஜூனில் வெளியான ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 இயங்குதளம் இந்த வரிசையைத் தன் இயல்பான கம்பைலராக ஏற்றுக்கொண்டது; அதன் வழியே சென்ட்ஓஎஸ் 7-உம் ஏற்றுக்கொண்டது. அந்த இயங்குதளங்களின் வழக்கமான பராமரிப்புக் காலம் 2024 ஜூன் 30 அன்றுதான் முடிந்தது. அன்றைய தேதியில் ஜிசிசி 14 வெளியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே ஒரு கம்பைலரின் வயதை அது பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடுவது பயனற்றது என்பதே நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம். அது எந்த இயங்குதளத்தில் குடியிருக்கிறது, அந்த இயங்குதளத்துக்கு யார் எதுவரை பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் அதன் உண்மையான ஆயுள் தெரியும்.

இந்த முடிவில் நான் இவ்வளவு தயங்கியதற்குக் காரணம், ஒரு காலத்தில் நான் மறுகரையில் நின்றவன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் சர்வர்கள் அனைத்தும் ரெட் ஹாட் 6-இல் ஓடிக்கொண்டிருந்தன. அதில் இருந்த கம்பைலர் ஜிசிசி 4.4.7. அதற்கு லாம்ப்டா எனப்படும் பெயரில்லாச் செயற்கூறு தெரியாது, அது 4.5-இல்தான் வந்தது. நல்‌பாயின்டர் என்னும் குறிச்சொல்லும், ஒரு தொகுப்பின் உறுப்புகளை எளிதாகச் சுற்றிவரும் புதிய ஃபார் வடிவமும் 4.6-இல் வந்தன. ஓவர்ரைடு என்று எழுதினால் 4.7-க்கு முந்தைய எதுவும் புரிந்துகொள்ளாது. சுருங்கச் சொன்னால், அன்று எழுதப்பட்ட எந்தப் புதுப் புத்தகத்தின் எடுத்துக்காட்டையும் எங்கள் இயந்திரத்தில் அப்படியே ஓட்டிப் பார்க்க முடியாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணுவார்கள். அந்தச் சர்வர்களைக் கவனித்துக்கொண்ட மூத்தவரிடம் புதிய கம்பைலரை நிறுவித் தரும்படி ஒருமுறை கேட்டேன். "இந்த மெஷின்ல நீ கை வச்சா, நாளைக்குக் காலையில கணக்கு வரலேன்னு என்னைத்தான் கேப்பாங்க தம்பி" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த இயங்குதளத்தின் ஒவ்வொரு மாற்றமும் வாடிக்கையாளரின் ஒப்புதலுக்குப் போய், சோதனைக்குப் போய், திரும்பிவர மாதங்கள் ஆகும். பழைய கம்பைலரோடு வாழ்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தாங்களாகத் தேர்ந்துகொண்டவர்கள் அல்லர்.

நாங்கள் பயன்படுத்திவந்த ஒரு லைப்ரரியில் நினைவகப் பிழை இருந்தது. அதற்கான திருத்தம் வந்தது. பதிப்பு எண்ணில் மூன்றாவது இலக்கம் மட்டுமே கூடியிருந்ததால், இது வெறும் திருத்த வெளியீடு என்று நம்பி இறக்கினேன். கம்பைல் செய்தவுடன் நூற்றுக்கணக்கான பிழைச் செய்திகள் திரையில் ஓடின. அந்தச் சிறு வெளியீட்டுக்குள்ளேயே நிரல் முழுவதையும் சி++11-க்கு மாற்றியிருந்தார்கள். மாற்றக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்பில் கையால் ஒட்டவைத்தேன். ஒட்டியதில் ஓரிடத்தில் தவறு செய்தேன். அது தெரிய வந்தது மூன்று வாரம் கழித்து, வாடிக்கையாளரின் இயந்திரத்தில். அவர்கள் பழைய கம்பைலரைக் கைவிட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்களிடம் சொல்லாமல், எண்ணில் காட்டாமல், எங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட திருத்தத்தோடு சேர்த்து அதைச் செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது இக்கரையில் நின்று பேசுகிறேன். பழைய கம்பைலருக்கு ஆதரவு தருவது என்றால் புதிய வசதிகள் சிலவற்றைத் தியாகம் செய்வது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தியாகம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மொழியில் ஓர் அழகான வசதி இல்லாவிட்டால் நான்கு வரி கூடுதலாக எழுதிவிட்டுப் போகலாம். உண்மையான சுமை, கம்பைலர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் வசதி சரியாக வேலை செய்யாதபோது வருகிறது.

இதற்கு ஜிசிசி 4.8-இன் ரெஜெக்ஸ் என்னும் எழுத்து வடிவங்களைத் தேடும் வசதியைக் காட்டிலும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. மொழியோடு சேர்ந்தே வரும் சி++11-இன் தர லைப்ரரியில் அது ஒரு பகுதி. 4.8-இல் அதற்கான ஹெடர் கோப்பு இருக்கிறது. வகுப்புகளும் செயற்கூறுகளும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நிரல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கம்பைல் ஆகிறது. மொழியின் பதிப்பைச் சொல்லும் மேக்ரோவும் (கம்பைல் ஆகும்போது வேறொன்றாக மாற்றப்படும் பெயர்) சி++11 முழுமையாக இருக்கிறது என்றே சொல்கிறது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்: சதுர அடைப்புக்குறி உள்ள வடிவத்தைக் கொடுத்தால் எக்ஸெப்ஷன் எறிகிறது, அதாவது ஓடும்போதே பிழை அறிவிக்கிறது, ஒரு வரியின் நடுவில் தேடச் சொன்னால், இருப்பதையும் இல்லை என்கிறது. அந்தப் பகுதி உண்மையில் எழுதி முடிக்கப்பட்டது 4.9-இல்தான். என் லைப்ரரியின் வேலையே பதிவுக் கோப்பின் வரிகளில் வடிவங்களைத் தேடுவது. என் கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறிய பதிப்பு, பயனர் ஒருவரின் ரெட் ஹாட் 7 சர்வரில் ஒரு பிழை வரியைக்கூடக் கண்டுபிடிக்காமல், எல்லாம் நலம் என்று அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. கண்காணிப்புக் கருவி இப்படிப் பொய் சொல்வதைவிட அது ஓடாமலே நின்றிருக்கலாம்.

அதன்பின் அந்தக் கம்பைலருக்காக மட்டும் வேறொரு ரெஜெக்ஸ் லைப்ரரியை இணைத்தேன். இரண்டின் நடத்தையிலும் நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு என்பதால், சோதனைகளும் இரண்டாகப் பிரிந்தன. அடுத்து, ஒரு தரவு வகையை நினைவகத்தில் அப்படியே பிரதி எடுக்கலாமா என்று கம்பைல் நேரத்திலேயே சொல்லும் தரப் பண்பு. அது ஜிசிசி 5-இல்தான் சேர்ந்தது. 4.8-க்காக அதற்குப் பதில் கம்பைலரின் உள்கருவி ஒன்றைப் பயன்படுத்தினேன். அது நெருங்கிய பொருள் உடையதே தவிர அதே பொருள் உடையதன்று. தேதியையும் நேரத்தையும் வடிவமைத்து எழுதும் வசதியும் 5-இல்தான் வந்தது. அதற்கும் ஒரு மாற்று எழுதினேன். இப்படியே மேக்ரோக்களால் வேலி கட்டிக் கட்டி, எந்த வரி எந்தக் கம்பைலரில் உயிரோடு இருக்கிறது என்பதை நானே படித்துத் தெரிந்துகொள்ள முடியாத நிலைக்குச் சில கோப்புகள் வந்துவிட்டன. புதிதாகப் பங்களிக்க முன்வந்த இருவர் அந்தக் கோப்புகளைப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். பழைய ஆதரவின் விலையைக் கணக்கிடும்போது, வராமல் போன இந்தக் கைகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கம்பைலரின் குறை நிரலரைத் தொல்லைப்படுத்துவதோடு நிற்காமல், பயனரின் தரவையே கெடுத்துவிடும் இடமும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2021 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்த நிகழ்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 64-பிட் ஏஆர்எம் செயலி கொண்ட இயந்திரங்களில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை அவ்வப்போது செக்சம் (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்று புகார் செய்தது. ஏஆர்எம் லினக்ஸில் நீண்டகாலம் உழைத்த ரஸ்ஸல் கிங் அதைப் புகாரளித்து, விடாமல் துரத்தினார். எப்போதாவது மட்டும், எந்த ஒழுங்கும் இல்லாமல் தலைகாட்டும் பிழை அது. வட்டில் குறை இல்லை. கோப்பு முறைமையின் நிரலிலும் குறை இல்லை. கெர்னலைக் கம்பைல் செய்த ஜிசிசி 4.9-இல்தான் குறை.

நடந்தது இதுதான். ஒரு செயற்கூறு முடியும் இடத்தில், அது தன் வேலைக்காக ஸ்டாக் என்னும் தற்காலிக நினைவகத்தில் எடுத்துக்கொண்ட இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பைலர் உருவாக்கிய கட்டளை வரிசையில், இடம் முதலில் திருப்பிக் கொடுக்கப்பட்டு, அதன் பிறகு அங்கிருந்து ஒரு மதிப்பு படிக்கப்பட்டது. இரண்டு கட்டளைகளுக்கும் இடைப்பட்ட அந்த நொடித்துகளில் நடக்கும் வேலையை இடைமறிக்கும் ஓர் இன்டரப்ட் வந்தால், அதைக் கையாளும் நிரல் அதே இடத்தில் தன் தரவை எழுதிவிடும். பிறகு படிக்கப்படுவது குப்பை. இன்டரப்ட் வராவிட்டால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஜிசிசி 4.9 முதல் 5.1-க்கு முன்பு வரையிலான பதிப்புகளில் இந்தக் குறை இருந்தது, 5.1-இல் சரிசெய்யப்பட்டுவிட்டது. உடனே கெர்னலின் ஏஆர்எம் பகுதியைப் பராமரிக்கும் வில் டீக்கன் 64-பிட் ஏஆர்எம்-க்குக் குறைந்தபட்சக் கம்பைலராக 5.1-ஐ விதித்து மாற்றம் செய்தார். அதே ஆண்டில் வெளியான கெர்னலின் 5.15 பதிப்பில் எல்லா இயந்திரங்களுக்கும் அதுவே குறைந்தபட்சம் ஆயிற்று.

இப்படிப்பட்ட குறை தெரிந்துவிட்டால், இன்னும் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கம்பைலரைத் தொடர்ந்து ஏற்பது, அதைப் பயன்படுத்துபவருக்கே செய்யும் தீங்கு. மற்றக் காரணங்களுக்கெல்லாம் அவகாசம் கொடுக்கலாம். மௌனமாகத் தவறான நிரலை உருவாக்கும் கம்பைலருக்கு அவகாசம் கிடையாது.

லினக்ஸ் கெர்னலின் வரலாற்றில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 2002-இல் வெளிவந்த ஜிசிசி 3.2 வெகுகாலம் அதன் குறைந்தபட்சக் கம்பைலராக இருந்தது. 2018-இல் வந்த கெர்னல் 4.19-இல்தான் அது ஜிசிசி 4.6 ஆக உயர்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் 4.8, 4.9, 5.1 என்று வேகமாக ஏறியது. 2022 தொடக்கத்தில், பட்டியல்களைச் சுற்றிவரும் மேக்ரோவில் சுழற்சி மாறி சுழற்சிக்கு வெளியேயும் உயிரோடு இருப்பதால் விளையும் ஆபத்தைப் பற்றி விவாதம் எழுந்தது. அந்த மாறியைச் சுழற்சிக்குள்ளேயே அறிவிக்க முடிந்தால் பிரச்சினை அடியோடு தீரும். ஆனால் கெர்னல் அன்றுவரை சி மொழியின் 1989 பதிப்பான சி89-இன் குனூ வடிவத்தில் எழுதப்பட்டு வந்ததால் அதற்கு வழி இல்லை. குறைந்தபட்சக் கம்பைலர் முந்தைய ஆண்டே 5.1-க்கு உயர்ந்துவிட்டிருந்ததால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011 பதிப்பான சி11-க்கு மாறும் முடிவை எடுக்க முடிந்தது, கெர்னல் 5.18-இல் அது நிறைவேறியது. ஏஆர்எம் இயந்திரங்களில் கெட்டுப்போன சில செக்சம்களுக்காகத் தொடங்கிய உயர்வு, அதற்குத் தொடர்பே இல்லாத வேறொரு பாதுகாப்புக் குறையைத் தீர்க்கவும் வழி திறந்தது. 2025-இல் வந்த கெர்னலின் 6.16 பதிப்பு ஜிசிசி 8.1-ஐக் கேட்கிறது. அது ரெட் ஹாட் 8-இன் இயல்பான கம்பைலர் வரிசை என்பதால், நடப்பில் உள்ள பெரும்பாலான இயங்குதளங்களுக்கு அது சுமையாக இராது.

எப்போது கைவிடுவது என்பதற்கு ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு அளவுகோலை வைத்திருக்கிறது. பைதான் மொழியின் எண்கணக்கு லைப்ரரியான நம்பையின் திட்டத்தினர் 2019-இல் நாட்காட்டியை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள்: கடந்த 42 மாதங்களில் வெளியான பைதான் பதிப்புகளுக்கு ஆதரவு உண்டு, அதற்கு முந்தையவற்றுக்கு இல்லை. இதில் எனக்குப் பிடித்தது, விவாதத்துக்கே இடமில்லாத தெளிவு. யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை; தேதியைப் பார்த்தால் போதும். ஆனால் பைதானைப் புதுப்பிப்பதும் சர்வரின் கம்பைலரைப் புதுப்பிப்பதும் ஒன்றல்ல. அதே 42 மாதக் கணக்கை சி++-க்குப் பொருத்தினால், வெளியாகி நான்கே ஆண்டுகள் ஆன நீண்டகால இயங்குதளத்தைக்கூட வெளியே தள்ளிவிடுவோம்.

கம்பைலர்களைக் கட்ட உதவும் எல்எல்விஎம் திட்டத்தின் முறை எனக்கு மேலும் ஏற்புடையது. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குள் வந்த கம்பைலர்களையாவது ஆதரிப்பது என்று அவர்கள் பொதுவாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வரம்பை உயர்த்தும்போது சட்டென்று கதவைச் சாத்துவதில்லை. பழைய கம்பைலரைக் கொண்டு கட்ட முயன்றால் முதலில் பிழைச் செய்தியோடு நிற்கும். ஓர் அமைப்பு விருப்பத்தைக் கொடுத்தால் அந்த வெளியீட்டில் மட்டும் தொடர விடும். அடுத்த வெளியீட்டிலிருந்து அதுவும் கிடையாது. எச்சரிக்கைச் செய்தியை யாரும் படிப்பதில்லை என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த முறை இது. நின்றுபோனால்தான் மனிதர்கள் படிப்பார்கள். படித்தபின் அவர்களுக்கு ஒரு வெளியீட்டு அளவு மூச்சுவிட நேரம் வேண்டும். இரண்டும் இதில் கிடைக்கின்றன.

பூஸ்ட் என்னும் சி++ லைப்ரரித் தொகுப்பில் 2023-இல் நடந்ததும் நல்ல முன்மாதிரி. சி++11-க்கு முந்தைய சி++03 மொழிக்கான ஆதரவு முடிவுக்கு வருகிறது என்று பல லைப்ரரிகள் சேர்ந்து 1.82 வெளியீட்டில், அதாவது ஏப்ரலில், அறிவித்தன. நீக்கியது டிசம்பரில் வந்த 1.84-இல். ஒன்றை ஒன்று சார்ந்த லைப்ரரிகள் ஆளுக்கொரு தேதியில் விலகியிருந்தால், பயனர் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு புதிய முறிவைச் சந்தித்திருப்பார். சேர்ந்து விலகியதால் ஒரே முறை வலித்தது. மாறிகளின் எண்ணிக்கை மாறக்கூடிய டெம்ப்ளேட்டுகள் (பல தரவு வகைகளுக்கும் பொருந்தும் நிரல் அச்சுகள்) பழைய மொழியில் இல்லாததால், ஒரே செயற்கூற்றை ஒரு மாறிக்கு, இரண்டு மாறிக்கு, மூன்று மாறிக்கு என்று மேக்ரோக்களால் பிரதி எடுத்து வைத்திருந்த பழைய பூஸ்ட் கோப்புகளைப் படித்தவர்களுக்கு, அந்த விலகலின் பின்னால் இருந்த நிம்மதி புரியும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில், இணையம் வழியே தரவைப் பரிமாறும் கர்ல் நிற்கிறது. அதன் நிரல் இன்றும் சி89-இல்தான் எழுதப்படுகிறது. கடிகாரத்திலிருந்து கார் வரை எந்தக் கருவிக்குள்ளும் நுழைந்துவிடுகிற லைப்ரரி அது. எந்த மூலையில் எந்தக் கம்பைலர் அதைக் கட்டப் போகிறது என்று யாராலும் பட்டியலிட முடியாது. அந்த இடத்தில் அவர்கள் எடுத்த முடிவு சரியானது. சி89 என்பது அந்தத் திட்டத்துக்குப் பழைமைப் பற்று அன்று; அதன் பயன்பாட்டின் இயல்பே அதுதான். அதைக் காட்டி எல்லா லைப்ரரிகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கர்லை நீண்டகாலமாக முழுநேரமாகக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்குமேல் ஒரு மணி நேரம் ஒதுக்குபவரின் லைப்ரரிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

கம்பைலரையே புதுப்பிக்காதவர் லைப்ரரியை மட்டும் ஏன் புதுப்பிக்க வேண்டும், பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. புதிய வசதிகளைக் கேட்டு எழுதுபவருக்கு அது போதுமான பதில்தான். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அது பதில் ஆகாது. நான் ஒட்டுப் போட்டுத் தவறிய அந்த மூன்று வாரங்கள் அதற்குச் சாட்சி. மேலும், ஒருவர் எந்த லைப்ரரியை வைத்துக்கொள்வது என்பது எப்போதும் அவர் கையில் இருப்பதில்லை. அவருக்குத் தேவையான ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கும். அது கேட்கும் பதிப்பைத்தான் அவர் எடுத்தாக வேண்டும். அடுக்கின் அடியில் உள்ள லைப்ரரி ஒரு படி ஏறினால், மேலே உள்ள அத்தனையும் அதோடு ஏறியாக வேண்டும். சோதனைகளை எழுத உதவும் லைப்ரரியான கூகுள்டெஸ்ட் 1.13 சி++14-ஐக் கேட்கத் தொடங்கியதும், அதைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்திய எத்தனையோ லைப்ரரிகள் 1.12 வரிசையில் நின்றுகொள்வதா, தாங்களும் ஏறுவதா என்று யோசிக்க வேண்டியதாயிற்று. நானும் அப்படி நின்றவர்களில் ஒருவன்.

ரஸ்ட் மொழியினர் இதைக் கருவியின் அளவிலேயே தீர்க்க முனைந்திருப்பதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய கம்பைலர் வெளியாகும் மொழியில் இந்தச் சிக்கல் பன்மடங்கு கூர்மையானது. தனக்குத் தேவையான குறைந்தபட்சக் கம்பைலரை லைப்ரரி தன் விவரக் கோப்பிலேயே எழுதிவைக்கும் வசதி 2021-இல் 1.56-ஓடு வந்தது. 2025 ஜனவரியில் வந்த 1.84 முதல், சார்புகளைத் தேர்ந்தெடுக்கும் கார்கோ கருவி அந்த எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பயனரின் கம்பைலருக்குப் பொருந்தும் பதிப்புக்கு முன்னுரிமை கொடுக்கும்படி அமைக்கலாம். லைப்ரரி முன்னேறும்; பழைய கம்பைலரில் இருப்பவர் தானாகவே தனக்கு ஏற்ற கடைசிப் பதிப்பில் நிற்பார்; இருவருக்கும் சண்டை இல்லை. சி++ உலகில் இப்படி எல்லோருக்கும் பொதுவான கருவி இல்லாததால், அந்த வேலையைப் பராமரிப்பவரே பதிப்பு எண்ணாலும் அறிவிப்பாலும் செய்ய வேண்டியிருக்கிறது.

சி++-க்கே உரிய இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். லைப்ரரியின் உள்நிரலை நான் எந்தக் கம்பைலரால் கட்டினாலும் அது என் பாடு. ஆனால் ஹெடர் கோப்புகள் பயனரின் நிரலுக்குள் நுழைந்து, அவர் கம்பைலரால், அவர் தேர்ந்த மொழிப் பதிப்பில் கம்பைல் ஆகின்றன. ஆகவே உள்ளே சி++17 எழுதிக்கொண்டு, வெளியே காட்டும் ஹெடரைச் சி++11-லேயே வைத்திருப்பது பல லைப்ரரிகளுக்கு இயலும். என் லைப்ரரியில் பெரும்பகுதி டெம்ப்ளேட்டுகள் என்பதால் அந்த வழி எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, ஓரளவு முயன்றேன்.

ரெட் ஹாட் 7-இல் இருப்பவர்களுக்கு வேறு வழியே இல்லையா என்பதைத்தான் நான் அதிகம் ஆராய்ந்தேன். உண்டு. டெவலப்பர் டூல்செட் என்ற பெயரில் ரெட் ஹாட் நிறுவனமே அந்த இயங்குதளத்துக்குப் புதிய ஜிசிசி வரிசைகளை வழங்கியது. இயல்பான கம்பைலரைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே அதை நிறுவலாம். இயங்குதளத்தின் பழைய தர லைப்ரரியில் இல்லாத புதிய பகுதிகளை அது உருவாகும் நிரலுக்குள்ளேயே இணைத்துவிடுவதால், கட்டிய நிரலை எந்தக் கூடுதல் நிறுவலும் இல்லாமல் மற்ற ரெட் ஹாட் 7 இயந்திரங்களில் ஓட்டலாம். அன்று ரெட் ஹாட் 6-இலும் அந்த மூத்தவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது இப்படி ஒன்றைத்தான். ஒரு நுணுக்கம் உண்டு: ஜிசிசி 5-இல் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) உள்ளமைப்பு மாறியது, டூல்செட்டோ அந்த இயங்குதளத்தில் பழைய உள்ளமைப்பையே பயன்படுத்துகிறது. ஆகவே புதிய கம்பைலர், பழைய சர அமைப்பு என்ற சேர்க்கையையும் என் சோதனைகளில் சேர்த்தேன். 4.8-ஐ நீக்கிய பிறகும் ரெட் ஹாட் 7-ஐ நான் கைவிடவில்லை என்று சொல்ல முடிவது இதனால்தான்.

கடைசியில் என்னை முடிவை நோக்கித் தள்ளியது சோதனைதான். சோதிக்காத கம்பைலரை ஆதரிப்பதாகச் சொல்வது நேர்மையன்று என்று நம்புகிறேன். 2024-இல் என் தானியங்கிச் சோதனைகள் ஓடும் சேவையின் உள்கருவிகள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 20-க்கு மாறின. அதற்கு லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.28 வேண்டும், சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னரில் (சோதனைக்காகத் தனியே பிரித்து ஓட்டும் சூழலில்) இருப்பது 2.17. சோதனை தொடங்கும் முன்பே முறிந்தது. அதற்கு ஒரு மாற்றுவழி கண்டுபிடித்தேன். ஜூன் முடிந்ததும் சென்ட்ஓஎஸ் 7-இன் மிரர் பட்டியல் (பொதிகளின் பிரதிகளை வழங்கும் சர்வர்களின் பட்டியல்) நிறுத்தப்பட்டு, பொதிகளை நிறுவும் யம் கட்டளையால் ஒரு பொதியைக்கூட நிறுவ முடியாமல் போனது. காப்பகத்துக்கு முகவரியை மாற்றி அதையும் ஓட்டினேன். ஒரு பிழையையும் திருத்தாமல், ஒரு வசதியையும் சேர்க்காமல், பழைய கன்டெய்னரை உயிரோடு வைத்திருப்பதிலேயே ஒரு மாதத்தின் இரவுகள் கழிந்ததை உணர்ந்தபோதுதான், விற்றவரே பொறுப்பை முடித்துக்கொண்ட இயங்குதளத்தின் பழைய கம்பைலருக்கு நான் ஏன் இன்னும் பொறுப்பேற்றிருக்கிறேன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்தது.

ஆகவே செய்யப்போவது இது. நடப்புப் பதிப்பின் அடுத்த வெளியீட்டில், ஜிசிசி 4.8 கொண்டு கட்டுபவரின் நிரல் ஒரு பிழைச் செய்தியோடு நிற்கும். ஒரு மேக்ரோவை வரையறுத்தால் தொடரும். அதற்கு ஆறு மாதம் கழித்து வரும் பெரும்பதிப்பில் ஆதரவு முற்றிலும் நீங்கும். பதிப்பு எண்ணின் முதல் இலக்கம் மாறும். பழைய கிளை அதன்பிறகு ஓராண்டு திறந்திருக்கும்; நினைவகப் பிழைகளும் பாதுகாப்புப் பிழைகளும் மட்டும் அங்கே திருத்தப்படும். அந்தத் திருத்தங்களை வேறு எந்த மாற்றத்தோடும் கலக்க மாட்டேன். புதிய குறைந்தபட்சம் ஜிசிசி 8. 5-இலோ 7-இலோ நிறுத்தலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். 5-ஐ மட்டும் கொண்டு பராமரிப்பில் இருக்கும் இயங்குதளம் எதையும் என் பயனர்களிடம் நான் காணவில்லை. ஆறு மாதத்தில் மீண்டும் ஒருமுறை உயர்த்துவதைவிட ஒரே தாவலாகத் தாவிவிடுவது அவர்களுக்கு நல்லது.

அறிவிப்பை முன்கூட்டியே சிலருக்கு அனுப்பினேன். அவர்களில் ஒருவர், ஆய்வகக் கருவி ஒன்றோடு வந்த கணினியில் என் லைப்ரரியை ஓட்டுபவர். அந்தக் கருவி இருக்கும்வரை இயங்குதளத்தை மாற்ற முடியாது என்றும், டூல்செட்டை நிறுவவும் அனுமதி இல்லை என்றும், தனக்குத் தேவை ஒரே ஒரு திருத்தம்தான் என்றும் எழுதியிருந்தார். அந்தத் திருத்தத்தை நேற்று இரவு பழைய கிளையில் சேர்த்து, 4.8.5-இல் முழுச் சோதனையும் ஓட்டி முடித்தேன். புதிய பதிப்பின் ஹெடரில், பழைய கம்பைலரைக் கண்டதும் நிற்கும் அந்தப் பிழைச் செய்தியில், அவர் எடுத்துக்கொள்ள வேண்டிய கடைசிப் பதிப்பின் எண்ணையும் அந்தக் கிளையின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறேன்.